ஒரு பஞ்சர்கூட இல்லை

வண்டியை ரோட்டுலயே நிறுத்திட்டு நடந்து வந்தீங்களா தம்பி? நல்ல காரியம். செருப்பைக் கழட்டாதீங்க. கொட்டகைக்குள்ள மண்ணு சுத்தம், வாசலுக்கு நான் பொறுப்பு சொல்ல முடியாது. இந்தக் கட்டில்ல உக்காருங்க.

உங்களை எனக்கு அடையாளம் தெரியுது. ஐப்பசி மாசம், வியாழக்கிழமைச் சந்தை, புளியமரத்தடி. காத்தடிச்ச டயரை நிறுத்தி வச்சு ஆணி அடிச்சுக் காட்டினது நீங்கதானே? நாலு இஞ்சு ஆணி. அடிச்சீங்க, பிடுங்கினீங்க, பச்சையாக் கொஞ்சம் துப்பிச்சு, நின்னுருச்சு. மறுபடி அடிச்சீங்க, மறுபடி நின்னுருச்சு. கூட்டத்துல ஒருத்தன், 'யப்பா, டயர்ல அடிக்கிறியா, இல்ல எங்க தலையில அடிக்கிறியா'ன்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சானுங்க. நான் சிரிக்கல. நான் அந்தப் பஞ்சர் மருந்து ரெண்டு கேன் வாங்கினேன்.

இப்ப வீடியோ எடுக்கணும்ங்கிறீங்க. மருந்து ஊத்தின விவசாயி தன் வாயால சொல்லணும். அவ்வளவுதானே? சொல்றேன். என் பேரு சாத்தையா, ஊரு நெட்டேந்தல், மருந்து ஊத்தி மூணு மாசத்துக்கு மேல ஆச்சு, என் டிராக்டர்ல ஒரு பஞ்சர்கூட இல்ல. இதுல ஒரு வார்த்தை பொய் கிடையாது.

இருங்க, போனை உள்ள வைங்க. முதல்ல விஷயத்தைக் கேளுங்க. ஊருக்குள்ள நாலு பேரு நாலு விதமாப் பேசுறானுங்க. டீக்கடையில என்னைய விசாரிச்சுத்தானே வந்திருப்பீங்க? என்ன சொன்னான் அவன்? சிரிச்சானா?

சிரிக்கட்டும்.

எனக்குத் தொழிலு என்னன்னா, டிராக்டர் வாடகை. உழவு சமயத்துல உழவு. மத்த நாள்ல கரிமூட்டத்துக்குச் சீமைக்கருவைக் கட்டை ஏத்திக்கிட்டுப் போறது. கருவைக் காட்டுக்குள்ள டிரெய்லரை விட்டா, வெளிய வரும்போது டயர் முள்ளம்பன்றி மாதிரி வரும். வாரத்துக்கு மூணு பஞ்சர். பின்னாடி பெரிய டயரு ஒண்ணு இறங்கிட்டா அன்னைக்குப் பொழப்பு போச்சு. ஜாக்கி வச்சுத் தூக்கி, கழட்டி, உருட்டி, ஷேர் ஆட்டோவுல ஏத்தி டவுனுக்குக் கொண்டுபோயி... அதெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதை வச்சுத்தானே யாவாரம் பண்றீங்க.

நீங்க சொன்ன மாதிரியே ஊத்தினேன். வால்வு ஊசியைக் கழட்டி, வால்வு மேல பாத்து நிக்கிற மாதிரி சக்கரத்தைத் திருப்பி வச்சு, அளந்து ஊத்தி, காத்தடிச்சு, ரோட்டுல நாலு கிலோமீட்டர் ஓட்டினேன். உள்ள சுத்திலும் பரவணும்னு சொன்னீங்கல்ல? பரவிருச்சு. அதுக்கப்புறம் கருவைக் காட்டுக்குள்ள கல்யாண ஊர்வலம் போற மாதிரிப் போனேன், வந்தேன்.

அது வரைக்கும் பிரச்சனையே கிடையாது. பிரச்சனை இந்தப் பாதையில ஆரம்பிச்சது.

எந்திரிச்சு வந்து பாருங்க. அந்தா தார் ரோடு. ரோட்டை ஒட்டி மூணு ஏக்கர், அது கார்மேகத்தோடது. என் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி முறை. அவன் வயலுக்கு இந்தப் பக்கம் என்னுது, நாலு ஏக்கர். எனக்குப் பின்னாடி கம்மாய்க்கரை. ஆகக்கூடி நான் ரோட்டுக்குப் போகணும்னா அவன் வயலோரமா, ஓடைக்கரையை ஒட்டி வர்ற இந்தப் பாதைதான். எங்க தாத்தா காலத்துல விட்டது. எழுத்துல கிடையாது, வாய்ச்சொல்லுதான். டிராக்டரை ஊருக்குள்ள நிறுத்த இடமில்லாம இங்க கொட்டகை போட்டிருக்கேன். அதனால தினமும் காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை இதுலதான் போக்குவரத்து.

ஐப்பசி கடைசியில ஒரு நாள் காலையில கிளம்பினா, பாதை வாயில முள் கிடக்கு. பச்சைக் கருவை முள், ஆள் உயரத்துக்குப் படல் மாதிரி இழுத்துப் போட்டிருக்கான். பக்கத்துல வேப்பமரத்துல ஒரு கவைக்கம்பைச் சாத்தி வச்சிருக்கான்.

கவைக்கம்பு தெரியும்ல? நுனியில ரெண்டாப் பிரிஞ்சிருக்கும். முள்ளைக் கையில படாமத் தூக்கிப் போடுறதுக்கு. இங்க வழக்கம் என்னன்னா, விதைச்சவன் வயலைக் காபந்து பண்ண முள் போடுவான். போறவன் கவைக்கம்பால முள்ளைத் தூக்கி ஓரமா வச்சுட்டு, போயிட்டு, திரும்ப எடுத்துப் போட்டுட்டுப் போகணும்.

அவன்கிட்டக் கேட்டேன். 'என்னடா இது?'

'ஆடு மேயுதுண்ணே. பயிரு முளைவிட்டு இப்பத்தான் எந்திரிக்குது. நாலு நாளா நுனியெல்லாம் கடிச்சுப் போட்டிருக்கு. மதினிகிட்டயும் சொன்னேன்.'

ஆடு என்னுதுதான். இல்லைன்னு சொல்லல. ஏழெட்டு வெள்ளாடு, வீட்டுக்காரி வளர்க்குறா. ஆடுன்னா மேயத்தான் செய்யும். அதுக்காகப் பாதையை அடைப்பானா? உள்ளுக்குள்ள வேற கதை இருக்கு தம்பி. ஆவணியில நான் உழுகும்போது வரப்போரத்துல கலப்பை ஒரு சாண் அந்தப் பக்கம் போயிருச்சாம். போயிருக்கும். டிராக்டருக்கு என்ன கண்ணா இருக்கு? போன வருசமும் ஒரு சாண் போச்சாம். அந்தக் காந்தல் அவனுக்கு. வாயைத் திறந்து சொல்ல மாட்டான், முள்ளை வெட்டிப் போடுவான். ஆடு ஒரு சாக்கு.

அந்தக் கவைக்கம்பு இருக்கே, அதுதான் எனக்கு எரிஞ்சது. யாருக்குச் சாத்தி வச்சிருக்கான்? எனக்குத்தான். நான் வண்டியை நிறுத்தி, இறங்கி, குனிஞ்சு அவன் போட்ட முள்ளைத் தூக்கணும். போயிட்டுத் திரும்ப வச்சும் குடுக்கணும். அவனுக்கு நான் அண்ணன். கேட்டுக்குக் காவக்காரனா?

உங்க மருந்து டயருக்குள்ள இருக்கு. எனக்கென்ன? ஏறி உக்காந்தேன், ரெண்டாவது கியரைப் போட்டேன், முள்ளு மேலயே விட்டேன். சடசடன்னு நொறுங்குச்சு. ரோட்டுல போயி இறங்கிப் பாத்தேன். டயர் கல்லு மாதிரி நிக்குது.

திரும்பி வரும்போதும் அப்படியே. கவைக்கம்பு கீழ கிடந்துச்சு, அது மேலயும் ஏறிருச்சு. ரெண்டாப் போச்சு.

மறுநாள் காலையில பாத்தா, புது முள். புதுக் கவைக்கம்பு. தோலைச் சீவி, கைப்பிடிக்கு வாட்டமாக் கணுவெல்லாம் எடுத்து வச்சிருக்கான். எவ்வளவு நக்கல் பாருங்க.

அன்னையிலேருந்து போட்டிதான். நான் காலையில நொறுக்குவேன், அவன் சாயங்காலம் புதுசு வெட்டிப் போடுவான். 'அண்ணே, நொறுங்கின முள்ளுல ஆடு தாண்டிருதுண்ணே'ம்பான். நான் கியரை மாத்திக்கிட்டுப் போயிருவேன். எத்தனை நாளைக்கு வெட்டுவான்னு பாக்கலாம். கருவைக்கா பஞ்சம் நம்ம பக்கம்? அவனும் விடல, நானும் விடல. கார்த்திகை போச்சு, மார்கழி போச்சு. ஒரு பஞ்சர்? ம்ஹூம். சும்மா சொல்லக்கூடாது தம்பி, நல்ல சரக்கு உங்களுது.

வீட்டுக்காரி பேரு சந்தனமாரி. அவ ஒரு நாள், 'ஏங்க, இறங்கி எடுத்து வச்சுட்டுத்தான் போங்களேன். ஒரு நிமிசம் ஆகுமா?'ன்னா.

'ஒரு நிமிசமா? இது நிமிசக் கணக்கா?'ன்னேன்.

'பின்ன என்ன கணக்கு?'

பொம்பளைக்கு என்னன்னு விளக்குறது? கார்த்திகையில மத்தியானச் சோறு கொண்டுவரும்போது அவளுக்குக் குதிங்கால்ல முள் ஏறிருச்சு. கருவை முள் விஷம், உங்களுக்கே தெரியும். முனை உள்ள ஒடிஞ்சு, சீழ் வச்சு, ஆஸ்பத்திரியில கீறி எடுத்தாங்க. பாதையில பாத்து நடக்கணும்ல? இல்ல, கெட்டிச் செருப்பாப் போடணும். அதையும் கார்மேகம் பொண்டாட்டி வள்ளிமயிலு வந்து பாத்துட்டு, வேப்பெண்ணெய் காய்ச்சிக் குடுத்துட்டுப் போனா. முள்ளைப் போட்டதும் அவங்க, எண்ணெய் போடுறதும் அவங்க. எப்படி இருக்கு கதை?

சரி, தைக்கு வர்றேன்.

இந்த வருசம் வெளைச்சலை நீங்க பாத்திருக்கணும். நாலு ஏக்கரும் ஒரே சீரா, கதிரு தலை சாஞ்சு, காத்தடிச்சா சலங்கைச் சத்தம். எங்க பக்கம் பத்து வருசத்துக்கு ஒரு தடவைதான் கம்மாய் நிறைஞ்சு இப்படி வெளையும். வருசச் சோறு, விதைநெல்லு, எல்லாம் அதுதான். வேற நிலம் எனக்கில்ல. அறுப்பு மிஷினுக்குச் சொல்லி வச்சிருந்தேன். ஆத்தூர்ப் பக்கத்து மிஷின், டயர் வச்சது. சீசனுக்கு இங்க கொண்டாந்து ஊரு ஊரா அறுப்பாங்க. நம்ம ஊருக்கு ஒரே ஒரு நாள்தான், மறுநாள் வேற ஊருல முறை. காலையில கார்மேகத்துக்கு, மத்தியானம் எனக்கு.

முந்தின நாள் ராத்திரியே டிவியில சொல்லிட்டான், காத்தழுத்தம், கடலோரத்துல மழைன்னு. தை மழை நெய் மழைம்பாங்க, கரண்டியில ஊத்துற அளவுதான் பெய்யும்னு. நானும் அப்படித்தான் நினைச்சேன். காலையில எந்திரிச்சா கிழக்க ஒரு கருப்புக் கோடு. ஒன்பது மணிக்கு அது கோடா இல்ல, சுவராட்டம் நின்னுச்சு. காத்துல உப்பு வாடை.

மிஷின் கார்மேகம் வயல்ல இறங்குச்சு. ரோட்டோரம்தானே, அவனுக்குப் பாதையே தேவையில்ல. மத்தியானம் பன்னெண்டரைக்கு முடிச்சுட்டான். டிரைவர் பேரு தீர்த்தகிரி. சின்ன உருவம், சத்தம் போடாமப் பேசுற ஆளு. சோத்தைக்கூடத் திங்காம, மிஷினை நிறுத்திட்டு என் பாதையை நடந்து பாக்க வந்தான். பத்தடி நடந்தான். குத்த வச்சு உக்காந்தான். ஸ்பேனரால மண்ணைக் கீறினான்.

'ண்ணா, இது பாதை இல்லீங்ண்ணா. அரிவாள்மணை'ன்னான்.

'எங்கய்யா முள்ளு? கண்ணுக்கு ஒண்ணு தெரியுதா?'

'தெரியாதுங்ண்ணா. யாரோ மூணு மாசமா மண்ணுக்குள்ள அழுத்தி நட்டு வச்சிருக்காங்க. ஈரத்துல இறங்கி, வெயில்ல இறுகி, முனை மட்டும் மேல நிக்குது. கூட்டினாலும் வராது, ஒண்ணொண்ணாப் பிடுங்கணும்.'

'போட்டவனைக் கேளு'ன்னு கார்மேகத்தைக் கைகாட்டினேன்.

'போட்டது மேல கிடக்கும்ங்ண்ணா. இது அழுத்தினது'ன்னான்.

வெளியூர்க்காரன். அவனுக்கு நம்ம விவகாரம் என்ன தெரியும்?

அப்பத்தான் கார்மேகம் கிட்ட வந்தான். தலையில தூசி, தோள்ல மண்வெட்டி. என்னைய நேராப் பாக்கல, வயலைப் பாத்துப் பேசினான். 'அண்ணே, என் வயலு வெறுந்தாளாத்தான் கிடக்கு. நடு வரப்புல பத்தடி வெட்டி விடுறேன். மிஷின் அப்படியே நேரா இறங்கட்டும். அஞ்சு மணிக்குள்ள முடிஞ்சிரும். வானத்தைப் பாருங்க.'

நல்லா யோசிங்க தம்பி. நீங்க படிச்சவரு. பாதை எழுத்துல இல்ல. இன்னைக்கு நான் அவன் வயல் வழியாப் போயிட்டேன்னு வைங்க. நாளைக்கு அவன் என்ன சொல்லுவான்? 'அதான் என் வயல் வழியா விட்டேன்ல, பாதை எதுக்கு உனக்கு?'ம்பான். சொன்னானான்னு கேக்காதீங்க. சொல்லல. சொல்லுவான். வெட்டுறது எந்த வரப்பு? நான் ஒரு சாண் தின்னுட்டேன்னு அவன் மனசுல வச்சிருக்கிற அதே வரப்பு. வெட்டிட்டுத் திரும்பக் கட்டும்போது எங்க கட்டுவான்? அதை யோசிக்கணும்ல?

'என் பாதையில என் மிஷின் வரும்'னேன்.

தீர்த்தகிரி கையைக் கும்பிட்டான். 'ண்ணா, ஓனரு என்னைத் தொலைச்சுருவாரு. டயர் போச்சுன்னா நாளைக்கு அடுத்த ஊருக்கு நான் பதில் சொல்ல முடியாதுங்ண்ணா.'

'ஆத்தூர்க்காரனுக்கு முள்ளைக் கண்டாக் காய்ச்சல் வந்திருமா? இங்க பாரு.' டிராக்டர்ல ஏறினேன். இந்த முனையிலேருந்து அந்த முனைக்குப் போனேன், வந்தேன், மறுபடி போனேன். மூணு தடவை. இறங்கி டயரை உதைச்சுக் காட்டினேன். 'எங்க, காத்து போயிருக்கா? போயிருக்கா சொல்லு!'

பக்கத்துல நாலு பேரு கூடிட்டானுங்க. அதுல ஒருத்தன், 'அண்ணன் டயருக்கு அம்மை குத்தியிருக்கு, ஊசி ஏறாது'ன்னான். சிரிப்பு. தீர்த்தகிரி மட்டும் சிரிக்கல. என்னையும் பாத்தான், வானத்தையும் பாத்தான். மணி ஒன்றரை. 'என்ன ஆனாலும் நீங்க பொறுப்பா?'ன்னான். 'நான் பொறுப்பு'ன்னேன்.

அறுக்குற கத்தியை மேல தூக்கிக்கிட்டு மிஷின் பாதைக்குள்ள இறங்குச்சு. நான் முன்னாடி டிராக்டர்ல, அவன் பின்னாடி. நாப்பது அடி வந்திருப்பான். வெடிக்கல கிடிக்கல. 'உஸ்ஸ்'னு ஒரு சத்தம், பால் பொங்கி அடுப்புல விழுற மாதிரி. வலது பக்கம் லேசாச் சாஞ்சுச்சு.

அவன் நிறுத்தப் போனான். நான் திரும்பிக் கத்தினேன். 'நிறுத்தாதே! வா வா, இன்னும் கொஞ்ச தூரந்தான்! நிறுத்தினா அங்கயே உக்காந்திரும்!'

நான் போட்ட சத்தத்துக்குப் பயந்து இன்னும் இருபதடி உருட்டினான். காத்தில்லாத டயரு, அத்தனை டன் வெயிட்டு, உள்ள டியூப்பு சுருண்டு வால்வோட அறுந்துருச்சு. அப்புறம் இடது பக்கமும் இறங்க ஆரம்பிச்சது. ஓடைக்கும் வயலுக்கும் நடுவுல, குடிச்சவன் மாதிரி, மிஷின் ஒருக்களிச்சு நின்னுபோச்சு.

காத்து மட்டும் வந்துச்சு. குளிர்ந்த காத்து.

ஓடிப்போயி கொட்டகையில மிச்சம் இருந்த உங்க கேனை எடுத்துட்டு வந்தேன். இடது டயர்ல ஊத்தினோம். சத்தியமாச் சொல்றேன் தம்பி, நின்னுருச்சு! காத்தடிச்சு, முன்னும் பின்னும் கொஞ்சம் அசைச்சதும் ஊறல் நின்னுருச்சு. இதையும் வீடியோவுல சொல்றேன். வலது டயர்லயும் ஊத்திப் பாத்தேன். வால்வு அறுந்த ஓட்டை வழியா அத்தனையும் பச்சையா மண்ணுல கொட்டுச்சு. அதுக்கு மருந்து என்ன பண்ணும்? அதை நான் உங்க குறையாச் சொல்ல மாட்டேன்.

தீர்த்தகிரிகிட்ட ஒரு ஸ்பேர் டியூப் இருந்துச்சு. ஆனா ஜாக்கி மண்ணுல இறங்குது. கார்மேகம் ஓடிப்போயி அவன் வீட்டு மரக்கதவைக் கழட்டித் தூக்கிட்டு வந்தான். கதவை அடியில போட்டுத்தான் ஜாக்கி நின்னுச்சு. அவனும் தீர்த்தகிரியும் சக்கரத்தைக் கழட்டுறாங்க. வள்ளிமயிலும் என் வீட்டுக்காரியும் மிஷினுக்குப் பின்னாடி மண்டி போட்டு, அதை ரிவர்ஸ் எடுக்கிறதுக்காக முள்ளைப் பிடுங்கிப் பிடுங்கிச் சாக்குல போடுறாங்க. இவளுக்குக் குதிங்கால் இன்னும் ஆறல. டயரைப் பிரிச்சு முள்ளை எண்ணினான் தீர்த்தகிரி. ஒரு டயர்ல பதினேழு. எண்ணி என் கையில குடுத்தான். எதுக்குக் குடுத்தான்னு இன்னும் எனக்குப் புரியல.

நானா? நான் டிராக்டர்ல உக்காந்திருந்தேன். யாராவது ஒருத்தன் மேற்பார்வை பாக்கணும்ல?

கார்மேகத்துக்கு உறுத்தல், தம்பி. அதான் கதவைத் தூக்கிட்டு ஓடி வந்தான். முள்ளைப் போட்டவன் அவன்தானே? குத்தமுள்ள நெஞ்சு.

நாலு மணிக்கு மிஷின் எந்திரிச்சது. பைய்யப் பின்னாடி எடுத்து கார்மேகம் வயல்ல, தாள் மேல நிறுத்தினான். கருப்பு இப்பத் தலைக்கு மேல வந்துருச்சு. கம்மாய்க்கரையில கொக்கெல்லாம் எந்திரிச்சுப் போகுது. தீர்த்தகிரி சொன்னான், 'ண்ணா, ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். நாலு ஏக்கரும் முடியாது. வேகமா எடுத்தா ரெண்டரை ஏக்கர் எடுத்துத் தர்றேன். வரப்பை வெட்டச் சொல்லுங்க.'

கார்மேகம் மண்வெட்டியோட வரப்புல போயி நின்னான். வெட்டல. என் வாயைப் பாத்துக்கிட்டு நின்னான். 'அண்ணே. ஒரு வார்த்தை சொல்லுங்க.'

நான் டிராக்டரை விட்டு இறங்கல.

'அண்ணே, நாளைக்குக் காலையில நானே கட்டிக் குடுத்துர்றேன். நீங்க எங்க கயிறு பிடிக்கிறீங்களோ அங்க கட்டுறேன்.'

கேட்டீங்களா? நான் எங்க கயிறு பிடிக்கிறேனோ அங்கயாம். நாலு பேருக்கு முன்னாடி என்னையக் களவாணி ஆக்குறான்.

அப்ப என் வீட்டுக்காரி நேராப் போயி அவன் கையிலேருந்து மண்வெட்டியைப் பிடுங்கினா. சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு வரப்புல ஒரு போடு போட்டா. மண்ணு தெறிச்சது. ரெண்டாவது போடு. எல்லாரும் பாக்குறானுங்க. நான் வேண்டாம்னு நிக்கிற இடத்துல என் பொண்டாட்டி மண்வெட்டி பிடிக்கிறா.

டிராக்டரைக் கிளப்பினேன். என் வயல் பக்கமிருந்து வந்து, அவ வெட்டுற இடத்துல, வரப்பு மேலயே முன் சக்கரத்தை ஏத்தி நிறுத்தினேன். அவளுக்கும் டயருக்கும் நடுவுல ஒரு முழம் இருந்திருக்கும். இஞ்சினை அணைச்சேன். சாவியை எடுத்துச் சட்டைப் பையில போட்டேன்.

'மிஷின் பாதையில வரட்டும். இல்லைன்னா வர வேண்டாம்'னேன்.

அவ மண்வெட்டியைக் கீழ வைக்கல. அப்படியே பிடிச்சுக்கிட்டு என்னையப் பாத்தா. கோவப்பட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல. யாரோ வழிப்போக்கனைப் பாக்குற மாதிரிப் பாத்தா. 'நெல்லு தம்பிகளா, நெல்லு'ன்னா. என்கிட்டச் சொல்லல, சுத்தி நின்னவங்ககிட்டச் சொன்னா. எவனும் அசையல. எவன் அசைவான்? அடுத்தவன் குடும்பம்.

தீர்த்தகிரி பத்து நிமிசம் நின்னான். கடைசியில, 'நெல்லு உங்களுதுங்ண்ணா'ன்னுட்டு மிஷின்ல ஏறி ரோட்டுப் பக்கம் திருப்பிட்டான்.

அஞ்சரைக்கு இறங்குச்சு. நெய் மழையாவது கிய் மழையாவது. மூணு நாளு. ராத்திரியும் பகலும்.

மழை விட்டு வானம் வெறிச்சதும் போயிப் பாத்தேன். நாலு ஏக்கரும் பாய் விரிச்ச மாதிரிப் படுத்துக் கிடக்கு. அள்ளிப் பாத்தா ஒவ்வொரு நெல்லுலயும் வெள்ளையா ஊசி மாதிரி முளை. கதிருலயே முளைச்சிருச்சு. ஆடு மேயுது அதுல இப்ப. என் ஆடுதான். யாரும் விரட்டல.

இதுக்குக் காரணம் யாரு, சொல்லுங்க? முள்ளைப் போட்டவனா இல்லையா? ஊருல கேட்டா என்னையச் சொல்றானுங்க. மருந்து ஊத்தின டயரு என்னுது ஒண்ணுதானாம், கம்மாய்க்கு நடந்து போறவங்க, சைக்கிள்ல போறவங்க எல்லாம் மூணு மாசமா என்ன பாடு பட்டாங்கன்னு எனக்குத் தெரியாதாம். டீக்கடைக்காரன் சொல்றான், 'முள்ளு டயருக்கு மட்டுமா குத்தும் அண்ணே'ன்னு. வியாக்கியானம்!

விடுங்க. நாம வேலையைப் பாப்போம். வெளிச்சம் இருக்கும்போதே எடுத்துருவோம். நான் எங்க நிக்கட்டும்? டிராக்டர் பக்கத்துலயா? இந்தப் பக்கமா நிக்கிறேன், நீங்க அங்கிட்டு இருந்து எடுங்க. இல்ல இல்ல, அப்படித் திரும்பாதீங்க, வயலு விழுது. கொட்டகையும் டயரும் மட்டும் வர்ற மாதிரி எடுங்க. ஆங், அப்படி.

முள்ளு மேல ஏத்திக் காட்டணுமா? அது இல்லாம வீடியோ நல்லா இருக்காதா?

அதுல ஒரு சின்னச் சிக்கல் இருக்கு தம்பி. பாதையில இப்ப முள்ளு இல்ல. அந்தா, பாதி தூரத்துல குனிஞ்சுக்கிட்டு இருக்கே ரெண்டு உருவம், வரும்போது பாத்திருப்பீங்களே? அதுல நொண்டி நடக்குறது என் வீட்டுக்காரி. இன்னொண்ணு வள்ளிமயிலு. மழை வெறிச்ச நாள்லேருந்து காலையும் சாயங்காலமும் ஒவ்வொண்ணாப் பிடுங்குறாங்க. மண்ணு நனைஞ்சிருக்குல்ல, வருதாம். முக்காவாசி முடிஞ்சிருச்சு.

பரவாயில்ல, வீடியோவுக்குத்தானே. ஓடைக்கரையில கருவை நிக்குது, நானே ரெண்டு கொப்பை வெட்டிப் பாதையில போடுறேன். அரிவாள் இந்தா இருக்கு. ஆனா இழுத்துப் போடக் கவைக்கம்பு வேணும், கையால தொட முடியாது. இருக்கிறது அது ஒண்ணுதான். கார்மேகம் கடைசியா வெட்டி வச்சது. அவ கையில இருக்கு.

நான் கூப்பிட்டா அவ திரும்ப மாட்டா. பதினோரு நாளாச்சு, சோறு வைக்கிறா, தண்ணி வைக்கிறா, ஒரு வார்த்தை கிடையாது. நீங்க போயிக் கேட்டு வாங்கிட்டு வாங்களேன். வெளியாளுங்ககிட்ட நல்லாத்தான் பேசுவா.

நான் கேட்டேன்னு சொல்லிராதீங்க.